குளித்த கை

"வெறும்வயிற்றுச் சர்க்கரை இன்னும் கூடுதலாக இருக்கிறது. இரவில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அடுத்த முறை நேர்மையாகப் பேசுவோம்."

முப்பதாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை, கிளினிக்கின் ஆப்பில் எனக்கு வந்த குறிப்பு இது. ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழாக்கியிருக்கிறேன். 'நேர்மையாக' என்பது அவர்களுடைய சொல்தான், நான் சேர்த்ததல்ல. எனக்கு எதையும் நாள் போட்டுக் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. அப்போது என் நாட்காட்டி வாரங்களால் ஓடிக்கொண்டிருந்தது.

கர்ப்பகாலச் சர்க்கரை என்று இருபத்தாறாம் வாரத்தில் சொன்னார்கள். அன்றே நூலகத்திலிருந்து இரண்டு புத்தகங்கள் எடுத்து வந்தேன். உணவு ஆலோசகர் கொடுத்த தாளில் ஓட்ஸ், பழுப்பு ரொட்டி, கோழி நெஞ்சுக்கறி என்று எழுதியிருந்தது. எங்கள் சமையலறையில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, நான் சாப்பிடுவதையே அளந்து சாப்பிட்டேன். இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் சாம்பாரும். மதியம் முக்கால் கப் சோறு, தட்டு நிறையக் கூட்டும் பொரியலும். சாப்பிட்ட பிறகு, அமெரிக்காவில் நாங்கள் குடியிருந்த பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்ட் வளாகத்தைச் சுற்றி நடை. சாப்பாட்டுக்குப் பின் எடுத்த எண்கள் எல்லாம் வரம்புக்குள் நின்றன. சோற்றை விடாமலே சாதித்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

காலை எண் மட்டும் அடங்கவில்லை. 95-க்குள் இருக்க வேண்டியது 108, 117, ஒரு நாள் 126. முப்பத்திரண்டாவது வாரத்திலும் இப்படியே இருந்தால் இரவில் இன்சுலின் ஊசி என்றார் டாக்டர். தேவையென்றால் போட்டுக்கொள்ளலாம், அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் திருட்டுத் தீனி தின்றதாக என்னை நினைத்துக்கொண்டு ஊசி எழுதுவார்கள் என்றால், அதற்கு நான் தயாராக இல்லை.

வீட்டிலும் நிலைமை அதேதான். பிரசவத்துக்காக மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா, இனிப்பு டப்பாவை மேல் அலமாரிக்கு ஏற்றியிருந்தாள். எட்டு மாத வயிற்றோடு நான் ஸ்டூலில் ஏறமாட்டேன் என்பது அவள் கணக்கு. கீழ்வீட்டு ஆன்ட்டி லிஃப்டில் என்னைப் பார்த்து, "ஒரு லட்டுதானேன்னு தோணும்மா, கண்ட்ரோல் பண்ணிக்கணும்," என்றார்.

"எனக்குத் தோணல ஆன்ட்டி. உங்களுக்குத் தோணுதா?" என்றேன். அதற்குப் பிறகு அவர் லிஃப்டில் மாடி எண்ணைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

என் காலை இப்படித் தொடங்கும். எழுந்ததும் குளியல். பிறகு சாமி அலமாரியில் விளக்கேற்றி, ஒரு வெல்லத் துண்டை விரலால் உடைத்துச் சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் நைவேத்தியமாக வைப்பேன். குழந்தைக்காக இதை நானே செய்ய வேண்டும் என்று அம்மா வந்த நாளிலேயே சொல்லிவிட்டாள். "நீ வாயில போடாத. கையால எடுத்து வச்சா போதும்." அதன் பிறகு சோபாவில் உட்கார்ந்து, ஸ்பிரிட் தோய்த்த சின்னத் துணியால் விரல் நுனியைத் துடைத்து, குத்தி, மீட்டரில் ரத்தத்தைக் காட்டுவேன்.

முப்பத்தோராவது வாரத்தில் என் கணவரின் பெரியப்பா தஞ்சாவூரில் காலமானார். வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் அம்மா சாமி அலமாரிக் கதவைச் சாத்தினாள்.

"உங்க பங்காளித் தீட்டு. பத்து நாளைக்கு விளக்குக் கிடையாது."

மறுநாள் காலை எண் 89. அதற்கடுத்த நாள் 91. அதற்கும் அடுத்த நாள் 87.

"பெரியப்பா போனதுக்கு எனக்குத்தான் பிரஷர் ஏறணும். உனக்கு எப்படி சுகர் இறங்குது?" என்றார் கணவர். அழுது வீங்கிய முகத்தோடு அவர் சிரித்தது அன்றுதான்.

அவர் விளையாட்டாகச் சொன்னது என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதே சாப்பாடு, அதே நடை. வீட்டில் நின்றுபோனது விளக்கும் வெல்லமும்தான். மறுநாள் காலை சமையலறைக்குப் போய், வலது கையால் ஒரு வெல்லத் துண்டை உடைத்தேன். இடது கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தேன். வலது விரலை வழக்கம்போல ஸ்பிரிட் துணியால் துடைத்தேன். இரண்டிலும் அடுத்தடுத்துக் குத்தினேன். இடது 90. வலது 121.

கை கழுவிவிட்டுக் குத்த வேண்டும் என்று முதல் நாளே நர்ஸ் சொல்லியிருந்தார். ஆனால் குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு வந்து உட்காருகிறவளுக்குக் கை அழுக்கு என்று எப்படித் தோன்றும்? எங்கள் வீட்டில் அதைவிடச் சுத்தமான கை கிடையாது.

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சாமிக்கு வச்ச வெல்லம் உனக்குக் கெடுதல் பண்ணுமாடி?"

"சாமி ஒண்ணும் பண்ணலம்மா. ஸ்பிரிட்டுல தொடச்சாலும் வெல்லம் போகல. ரத்தத்துல இல்லாத சக்கரைய மீட்டர் என் விரல்லேர்ந்து எடுத்துக்கிச்சு."

"அப்போ இத்தன நாளா நீ ராத்திரி ஒண்ணும் திங்கலியா?"

"நீயுமாம்மா?"

அன்று மதியம் இனிப்பு டப்பா தானாகக் கீழ் அலமாரிக்கு இறங்கியிருந்தது.

முப்பத்திரண்டாவது வாரம் கிளினிக்கில் நர்ஸ் இரவுச் சாப்பாட்டில் ஆரம்பித்தார். நான் கைப்பையிலிருந்து வெல்லத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். "நீங்களே உடையுங்கள், துடையுங்கள், குத்திப் பாருங்கள்," என்றேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு நிஜமாகவே கையுறையைக் கழற்றி, வெல்லத்தை உடைத்துத் தன் விரலிலேயே குத்திக்கொண்டார். மீட்டரைப் பார்த்ததும் எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி குத்தினார். இரண்டு எண்களையும் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலை வெறும்வயிற்றில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். அதுவும் வரம்புக்குள்தான் இருந்தது. இன்சுலின் வேண்டாம், எண்களைத் தொடர்ந்து அனுப்புங்கள் என்றார்.

தீட்டு கழிந்து மறுபடி விளக்கேற்றினோம். வரிசை மட்டும் மாறியது: முதலில் சோப்பு, பிறகு ஊசி, அதன் பிறகுதான் சாமி. "சாமி காத்துக்கிட்டு நிக்கணுமாக்கும்," என்று அம்மா முணுமுணுத்தாள். நின்றது. முப்பத்தொன்பதாவது வாரம், ஒரு புதன்கிழமை, இன்சுலின் ஊசியில்லாமலே மகள் பிறந்தாள். நிறம் எப்படி வரும் என்று அறிய, அம்மா முதலில் அவள் காதைப் பார்த்தாள். நர்ஸ் அவள் குதிகாலில் குத்திப் பார்த்த சர்க்கரை எண்ணை நான் கேட்டேன். சரியாக இருந்தது.

'நேர்மையாக' என்ற அந்தக் குறிப்பை என் கோப்பிலிருந்து நீக்கச் சொல்லி எழுதினேன். நீக்க முடியாது, விளக்கம் சேர்க்கலாம் என்றார்கள். சேர்க்கச் சொன்னேன். வெல்லம் என்பதற்கு என்ன எழுதுவது என்று கேட்டார்கள். வெல்லம் என்றே எழுதுங்கள் என்றேன்.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. விளக்கு நின்ற நாட்களில் விடியற்காலைக் குளியலும் நின்றது; நான் கூடுதலாகத் தூங்கினேன். நல்ல தூக்கமும் காலைச் சர்க்கரையைக் குறைக்கும் என்று நான் எடுத்து வந்த இரண்டு புத்தகங்களிலும் இருக்கிறது. ஆகவே முப்பதாவது வாரத்துக் காலைகளில் என் ரத்தத்தில் உண்மையில் எவ்வளவு சர்க்கரை இருந்தது, அந்த எண்களில் வெல்லத்தின் பங்கு எவ்வளவு என்பது சரிபார்க்கப்படவில்லை.