பெரிய பல் டயரும் பிரசவ ஒட்டகமும்

2006 ஜனவரி. வளைகுடாவில், அல் ஐன் நகரத்து சனாயாவில், அதாவது ஒர்க்ஷாப்புகள் வரிசையாக இருக்கும் தொழிற்பேட்டையில், ஒரு டயர் கடையில் சேல்ஸ்மேனாக இருந்தேன். ஊரிலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஆனால் யாராவது டயரைப் பற்றிக் கேட்டால் போதும், டயரைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்கிற மாதிரி அளப்பேன். அந்த வாய் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை வியர்க்கிறது!

ஒரு புதன்கிழமை, பிக்கப் ஒன்றை ஓட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கால்நடை டாக்டர். வந்து மூன்றே வாரம். ஒட்டகப் பண்ணைகளுக்குப் போய் வைத்தியம் பார்ப்பது அவருடைய டியூட்டி. பாதி தூரம் ஹைவே, மீதி தூரம் பாலைவனம். டயர்கள் தேய்ந்து போயிருந்தன.

“தம்பி, தார் றோட்டிலயும் ஓட வேணும், மணலுக்குள்ளயும் இறங்க வேணும். நாளுக்கு ரெண்டு தரம் டயர் மாத்தேலாது. எது நல்லம், நீங்களே சொல்லுங்கோ” என்றார்.

எங்களிடம் அதற்கு இரண்டு வகை இருந்தன. ஒன்று அகலமாக, பக்கவாட்டில் மெத்தென்று, பல் அவ்வளவாக இல்லாமல், பார்ப்பதற்குப் பாதி தேய்ந்தது போலவே இருக்கும். இன்னொன்று முரட்டு டயர். கட்டை கட்டையாகப் பல், பல்லுக்கு நடுவே விரல் நுழையும் பள்ளம். எனக்கு யோசிக்கவே தேவையில்லை. நான் மன்னார்குடிப் பக்கம். சேற்று வயலில் டிராக்டர் ஓட்டி வளர்ந்தவன். டிராக்டர் டயருக்குப் பல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பிடிமானம். வயலுக்கு ஒரு நியாயம், மணலுக்கு ஒரு நியாயமா?

முரட்டு டயரைத் தட்டிக் காட்டி, “இதப் போட்டீங்கன்னா செவுத்துலயே ஏறலாம் டாக்டர்” என்றேன்.

எங்கள் ஃபிட்டர் பெஷாவர்காரன், என் வயதுதான். ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தவன், டயரைப் பார்த்ததும் நின்றுவிட்டான். “பாய், யே ரேத் கா டயர் நஹி” என்றான். இது மணலுக்கான டயர் இல்லையாம். கஸ்டமர் முன்னால் என்னைத் திருத்துகிறானே என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீ உன் வேலையைப் பார் என்று இந்தியில் ஒரு வெட்டு வெட்டினேன். அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு நான்கு டயரையும் மாட்டி, காற்றைத் திண்ணென்று நிரப்பிக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. மதியம் டாக்டரிடமிருந்து போன். பண்ணைப் பக்கம் போகிறேன், உங்கள் டயர் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வருகிறீர்களா என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை! இரண்டு வருடமாக மணலில் ஓடும் வண்டிகளுக்கு டயர் விற்றவன், ஒருநாள்கூட மணலில் ஏறியதில்லை. ரூமிலிருந்த நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஹைவேயில் பாதி வழியில் டாக்டரின் போன் அடித்தது. பண்ணையில் ஒட்டகம் மேய்க்கும் சூடான்காரர். டாக்டரின் முகம் மாறிவிட்டது. ஒரு பெண் ஒட்டகத்துக்குப் பிரசவ வலி. குட்டியின் ஒரு கால்தான் வெளியே வந்திருக்கிறது, மற்றது உள்ளே மடங்கிக் கிடக்கிறது. அரை மணிக்குள் போகாவிட்டால் குட்டி போய்விடும், தாயும் பிழைப்பது சந்தேகம் என்று சொல்லிக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

ஹைவேயை விட்டு இறங்கியதும் முதலில் சரளைத் தரை. வண்டி பாய்ந்தது பாருங்கள், அப்படி ஒரு பாய்ச்சல்! கற்கள் தெறித்துப் பறந்தன. “எப்பிடி டாக்டர் நம்ம டயரு?” என்று கூவினேன். அவரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

சரளை முடிந்து மணல் தொடங்கியது. ஒரு மேடு, அதைத் தாண்டி இன்னொரு மேடு, அதற்கு அப்புறம் பண்ணை. முதல் மேட்டின் பாதியில் வண்டி திணறியது. சக்கரம் சுற்றியதே தவிர வண்டி நகரவில்லை. எனக்குள் இருந்த டிராக்டர் டிரைவர் விழித்துக்கொண்டான். “விடாதீங்க டாக்டர்! இன்னும் மிதிங்க! பல்லு புடிச்சிரும்!” என்று கத்தினேன். அவரும் என்னை நம்பி மிதித்தார். சக்கரம் பின்னால் மணலை வாரி இறைத்தது. வண்டி பிருஷ்டத்தைக் கீழே வைத்து உட்கார்ந்தேவிட்டது.

இறங்கிப் பார்த்தேன். பின்சக்கரங்கள் பாதிக்கு மேல் காணோம். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வயலில் சேற்றுக்கு அடியில் ஒரு கெட்டித் தரை இருக்கிறது. பல் அதுவரை இறங்கித் தரையைப் பிடிக்கும். மணலுக்கு அடியில் என்ன இருக்கிறது? மணல்தான்! நான் விற்றது டயரே இல்லை, நான்கு மண்வெட்டி. வெட்கத்தில் காது சுட்டது.

உதவிக்குக் கூப்பிடலாம் என்றால் பண்ணையில் வண்டி கிடையாது. நடந்தால் முக்கால் மணி நேரம். டாக்டர் என்னைத் திட்டவில்லை. மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டி நடக்கத் தயாராகிவிட்டார். “பாவம், பிள்ளைத்தாச்சி. அது எவ்வளவு நேரம்தான் பொறுக்கும்?” என்றார். அதற்குப் பதில் நாலு அறை கொடுத்திருக்கலாம்.

பத்து நிமிஷம் பொறுங்கள் என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டு, சிக்னல் தேடி மேட்டின் மேலே ஓடினேன். யாருக்குப் போன் செய்வது? ஒரே ஒரு ஆள்தான். மானம் மரியாதையை எல்லாம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஃபிட்டரைக் கூப்பிட்டேன்.

நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டான். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. “ஹவா நிகாலோ” என்றான். காற்றை இறக்கு! டயரின் வயிறு பிதுங்கி வெளியே தள்ளும்வரை இறக்கு. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலை வாரு. வந்த தடத்திலேயே ரிவர்ஸில் இறங்கு, சரிவு கம்மியான பக்கமாக ஏறு. சக்கரத்தைச் சுற்ற விடாதே, ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாதே, டயர் கழன்றுவிடும். வரிசையாகச் சொன்னான்.

உருண்டு புரண்டு கீழே வந்தேன். சாவி நுனியால் வால்வை அமுக்க, காற்று உஸ்ஸென்று சீறியது. ஒரு பக்கம் நான், மறுபக்கம் டாக்டர். அப்புறம் மணலை வாரினோம், கையாலும் டாக்டரின் டிபன் பாக்ஸ் மூடியாலும். நல்ல சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. டாக்டர் வண்டியில் ஏறி மெதுவாகப் பின்னால் எடுத்தார். ஒரு குலுக்கல். இன்னொரு குலுக்கல். வெளியே வந்துவிட்டது!

நான் ஓடிப்போய்த் தொற்றி ஏறினேன். இந்த முறை வண்டி பாயவில்லை, உறுமவில்லை. சப்பையான டயர்கள் ஒட்டகத்தின் பாதம் மாதிரி மணல் மேல் பரந்து பரந்து வைத்தன. மேட்டின் உச்சியில் ஒரு கணம் வானம் மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் மூக்குக் குப்புற இறங்கினோம். நான் அரபிக்காரர்கள் மாதிரி “யல்லா! யல்லா!”, போ போ என்று கத்துகிறேன், டாக்டரும் கூடவே கத்துகிறார்!

இரண்டாவது மேட்டையும் தாண்டிப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒட்டகம் பக்கவாட்டில் படுத்து முனகிக்கொண்டிருந்தது. டாக்டர் கையை உள்ளே விட்டு மடங்கிய காலை நிமிர்த்தினார். குட்டியின் இரண்டு காலிலும் கயிறு கட்டி, தாய் முக்கும்போதெல்லாம் சூடான்காரரும் நானும் இழுத்தோம். வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது குட்டி. அசைவே இல்லை. டாக்டர் அதன் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் விலாவைப் பரபரவென்று தேய்த்தார். ஒரு தும்மல்! நீளக் கழுத்தைத் தூக்கி அது என்னைத்தான் முதலில் பார்த்தது. வெட்கப்படாமல் அழுதேன்.

திரும்பும்போது, காற்று இல்லாத டயரோடு ஹைவேயில் வேகம் போகக்கூடாதே! இண்டிகேட்டரை மினுக்கிக்கொண்டு, பெட்ரோல் பங்க் வரும்வரை ஓரமாக ஊர்ந்தோம். லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்துக் கேலி செய்தார்கள். நாங்கள் சிரித்துக் கையாட்டினோம்.

சனிக்கிழமை காலை முதலாளியிடம் தப்பு என்னுடையது என்று சொன்னேன். வாங்க வேண்டியதை வாங்கிக் கட்டிக்கொண்டேன். டாக்டரின் வண்டிக்கு அந்த அகலமான, மெத்தென்ற டயரை மாட்டிக் கொடுத்தோம். ரோட்டுக்கு எவ்வளவு காற்று, மணலுக்கு எவ்வளவு காற்று என்று அவருக்கு விளக்கியது ஃபிட்டர்; பக்கத்தில் நின்று தமிழில் சொன்னது நான். எங்கள் கடைக்கு வருவதற்கு முன்னால் பாலைவன கேம்ப்புகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டியவன் அவன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு வருடம் ஒன்றாக டீ குடித்திருக்கிறோம், ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்போது ஊரில் சொந்தமாக டயர் கடை வைத்திருக்கிறேன். என் பேச்சுக்கு நடுவே கடையில் வேலை செய்பவர் யாராவது “அது அப்படி இல்லண்ணே” என்றால், எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் உடனே அந்தக் குட்டியின் தும்மல் காதில் கேட்கிறது, என் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, “சரி, நீ சொல்லு” என்கிறேன்.