அக்காவின் இருமலுக்கு ஒரு பெயர் இருந்தது

காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் எல்லோருக்கும் அக்காவின் தங்கை நான் எழுதுகிறேன். கோவையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெண்ணாடத்துக்குப் பக்கத்தில், கரும்பு வெட்டிப் பிழைத்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. அப்பா சீக்கிரமே தவறிவிட, அம்மா எங்களை அழைத்துக்கொண்டு விருத்தாசலம் வந்து பீங்கான் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். பள்ளிப்படிப்பு முடிந்ததும் அக்காவும் அங்கேயே போனார். காய்ந்த பொம்மைகளை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை. மாலையில் புருவமெல்லாம் வெளுத்து வருவார். "என்னடி பாக்குற, கெழவியாயிட்டேனா?" என்று சிரித்தபடி முகம் கழுவுவார். முகத்தில் படிந்தது போய்விடும். நெஞ்சுக்குள் போனது தங்கிவிட்டது.

சில ஆண்டுகளில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. படித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்தார். கல்யாணம் வேண்டாமென்று என் வீட்டிலேயே இருந்து, என் மகளுக்கு இன்னொரு தாயானார்.

நோயாளியை வெளிச்சத்தில் உட்காரவைத்து, தொட்டுப் பார்த்து, வீட்டில் வேறு யாருக்கு என்ன என்று கேட்காமல் அக்கா விடமாட்டார். நான் அக்காவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போன ஒரு நாள், சூளைத் தொழிலாளி ஒருவர் களிமண் ஒத்துக்கொள்ளவில்லை என்று கையைச் சொறிந்தபடி நின்றார்.

"வெரலை விரிங்க. ராத்திரியில அதிகமா அரிக்குதா? வூட்டுல வேற யாருக்காவது இருக்குதா?"

"புள்ளைங்க சொறியுதுங்க. மாமியாரும்தான் சிஸ்டர்."

"மாமியார் எந்தச் சூளையில மண்ணு மிதிக்கிறாங்க? இது சொறிசிரங்குங்க. டாக்டர் மருந்து குடுப்பாரு. வூட்டுல எல்லாரும் ஒண்ணா பூசணும். கோவத்துல மாமியாரை விட்டுடாதீங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும்தான்.

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, சளிதானே என்று நான் தைலம் தடவிக்கொண்டிருந்தேன். அக்கா சட்டையைத் தூக்கிப் பார்த்தார். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தது. "இது சளி இல்லடி, நிமோனியா. கெளம்பு" என்று செருப்புகூடப் போடாமல் ஆட்டோவை நிறுத்தினார். இன்று அவள் கல்லூரியில் படிக்கிறாள்.

நம் ஊரில் யார் இருமினாலும் பட்டறைத் தூசி என்று சொல்லிவிடுவோம். அக்காவுக்கும் அந்த இருமல் பல வருடங்களாக இருந்தது. காலையில் அவர் இருமும் சத்தத்தில்தான் எங்கள் வீடு எழும். அதனால் அது மாறியபோது யாருக்கும் தெரியவில்லை. சென்ற தையில் நம் குடும்பக் கல்யாணம் முடிந்து சில வாரங்கள் கழித்து, அக்காவே சொன்னார்: "இது பழைய இருமல் இல்லடி. சாயங்காலமானா உடம்பு காயுது. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு." மறுநாளே சளிப் பரிசோதனைக்குக் கொடுத்தார். காசநோய்.

முதல் வேலையாகத் தன் பாயைத் தனி அறைக்கு மாற்றினார். இரண்டாவது, எங்கள் எல்லோரையும் பரிசோதனைக்கு அனுப்பினார். என் மகளின் எக்ஸ்ரே வரும்வரை நான் சாப்பிடவில்லை. அவளுக்கு நோய் இல்லை. தடுப்பு மாத்திரையையும் முடித்துவிட்டாள். அக்காவும் ஒரு வேளை தவறாமல் மருந்து எடுத்தார். ஆனால் தூசி ஏற்கெனவே அரித்துவிட்ட நுரையீரல் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்திருந்தபோதும் பக்கத்துக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தம்மாவுக்கு மூச்சு இழுக்குது பாரு. போயி சிஸ்டரைக் கூப்புடு" என்றார். கூப்பிட்டேன். அந்த அம்மா பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். "தையில கல்யாணத்துல என்கூடப் படுத்திருந்தவங்க எல்லாரையும் போயி நெஞ்சைக் காட்டிப் பாக்கச் சொல்லுடி. கோவிச்சுக்குவாங்க. பரவால்ல, சொல்லு."

இதை மலரில் போட வேண்டாம் என்று எங்கள் தாய்மாமா தடுத்தார். "மூச்சுத் திணறல்னு போட்டா போதாதா? வயசுப் பொண்ணை வெச்சிக்கிட்டு டிபின்னு எழுதுனா எவன் வந்து பொண்ணு கேப்பான்?" அவர் நல்லதை நினைத்துத்தான் சொன்னார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. என் மகள்தான், "எழுதும்மா. அப்படி ஓடுறவன் எனக்கு வேணாம். தாத்தா, நீங்களும்தான் அன்னிக்கு பெரியம்மா பக்கத்துல படுத்திருந்தீங்க, மொதல்ல நீங்க டெஸ்டுக்கு வாங்க" என்றாள். மாமா எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

மருந்து தவறாமல் வீடு தேடி வந்து கொடுத்த சுகாதாரப் பணியாளருக்கும், ரத்தம் கொடுத்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், தூக்கிச் சென்ற கைகள் அத்தனைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கல்யாண மண்டபத்து மாடியில், ஜன்னல் சாத்திய அறையில், மருந்து தொடங்காத அக்காவோடு மூன்று இரவுகள் படுத்திருந்தவர்கள் உங்களில் பலர். சில பேர் மடியில் குழந்தைகள் இருந்தன. இருமல் இல்லையென்றாலும் பஸ் ஏறுவதற்கு முன் அரசு மருத்துவமனைக்குப் போய் நெஞ்சைக் காட்டிவிட்டுப் போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். நான் கூட வருகிறேன்.