ரிவோல்வருக்கு எந்த நம்பர்?

எங்கள் கடையில் ஆகக் கூடுதலாக ஆட்கள் கேட்கும் சாமான், எங்கள் கடையில் இல்லாத சாமான்.

ஸ்ரீல்ஸ் வீதியில், மில்லிக்கன் பக்கத்துப் பிளாசா ஒன்றில் கடை. ஒரு பக்கம் கொத்துரொட்டி, மறுபக்கம் பல் டொக்டர், நடுவில் நாங்கள்: தூண்டில், கூடாரம், வேட்டைக்காரருக்கு நீளத் துவக்கு. ரிவோல்வர் கிடையாது. தனியாட்களுக்குக் கைத்துவக்கு விற்பதை இந்த நாட்டில் சட்டம் போட்டு நிற்பாட்டி விட்டார்கள். ஆனால் வருகிறவர்கள் யூடியூபில் படித்து முடித்துவிட்டுத்தான் வருவார்கள். "முப்பத்தெட்டு நல்லதோ, முன்னூற்றைம்பத்தேழு நல்லதோ?" குண்டின் தடிப்பைக் காலிபர் என்று ஒருவரும் சொல்வதில்லை, நம்பர்தான். இல்லாத பொம்பிளைக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்கிற மாதிரி. கவுண்டருக்குப் பின்னால் நின்று சிரித்துச் சிரித்துத் தாடை நொந்த எல்லோருக்கும் இது விளங்கும்.

எனக்குப் பத்தொன்பது வயது. பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள், அதில் கவலை ஒன்றும் இல்லை. தூண்டில் கவுண்டர் என்னுடையது. துவக்குக் கவுண்டர் தர்ஷினி அக்காவினுடையது. மட்டக்களப்பு ஆள், வயது முப்பத்திச் சொச்சம். நான் 'இல்லை' என்ற சொல்லோடு தொடங்குவேன். அக்கா அந்தச் சொல்லைக் கடைசியில்தான் எடுப்பார். முதலில் அது எனக்கு நேர விரயமாகப் பட்டது. இப்போது அப்படி இல்லை, ஏன் என்று கீழே வருகிறது.

துவக்கலாமா?

யூனியன்வில்லில் இருந்து ஒருவர் வந்தார். கம்பியூட்டர் வேலை, தமிழ்நாட்டுக்காரர், நல்ல மரியாதை. கண்ணாடிப் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அக்கா முன்னால் வந்து நின்றார். அக்கா, "துவக்கோ?" என்று கேட்டார். "துவக்கலாங்க, நான் ரெடி" என்றார் அவர். அக்கா திரும்பவும், "இல்லை, துவக்கோ பாக்க வந்தனீங்கள்?" என்றார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஆமாங்க, எப்ப வேணும்னாலும் துவக்கலாம்" என்றார். நான் தூண்டில்களுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. சுவரில் இருந்த நீளத் துவக்கைக் கையால் காட்டினார். அவருக்கு வெளித்தது. "ஓ, துப்பாக்கியா. வீட்டு சேஃப்டிக்கு ஒரு ரிவால்வர் பாக்கலாம்னு வந்தேன்." அது ஏன் முடியாது என்று அக்கா பொறுமையாகச் சொன்னார். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "எங்க ஊர்ல துவக்குன்னா ஆரம்பிக்கிறதுங்க. உங்க ஊர்ல அதாலதான் எல்லாத்தையும் முடிப்பீங்க போல."

ஸ்ரௌவ்வில்லில் இருந்து ஒருவர்

குணம் அங்கிள் வந்தது ஒரு சனிக்கிழமை. ஸ்ரௌவ்வில்லில் புது வீடு, மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். போன கிழமை, அவர்கள் மேல்மாடியில் இருக்கும்போதே இரண்டு பேர் முன்கதவை உடைத்து உள்ளே வந்து, கார்த் திறப்பை எடுத்து, காரை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். கார் போனது அவருக்குப் பெரிய விஷயம் இல்லை. படியின் உச்சியில் வெறுங்கையோடு நின்றதுதான் அவரைத் தின்றது. "சின்னவள் நான் கட்டியிருந்த சாரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள்" என்று இரண்டு தரம் சொன்னார்.

முப்பத்தெட்டோ, முன்னூற்றைம்பத்தேழோ என்று கேட்டார். "ரெண்டும் ஏலாது அங்கிள், சட்டம்" என்றேன் நான். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவிடம், "தங்கச்சி, உந்தப் பிள்ளையைத் தூண்டில் பக்கமே நிக்கச் சொல்லுங்கோ" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. அக்கா மெல்ல, மட்டக்களப்புப் பேச்சில், "பொறு கா" என்றார். பிறகு அங்கிள் குரலைத் தாழ்த்திச் சொன்னதைக் கேட்டதும் என் கோபம் போய்விட்டது. பிடிபட்டால் ஜெயில், பிடிபடாவிட்டால் அதைவிட மோசம்.

"நான் உங்களிட்ட வாங்க வரேல்லைத் தங்கச்சி. ஒருத்தன் களவா எடுத்துத் தாறன் எண்டவன், எந்த நம்பர் வேணும் எண்டு மட்டும்தான் கேக்கிறான்."

மில்லிக்கன் கரடி

குணம் அங்கிளிடம், "அடுத்த சனிக்கிழமை வாங்கோ, அதுவரைக்கும் அவனுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ" என்று மட்டும் அக்கா கேட்டுக்கொண்டார். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தக் கிழமை முழுக்க எனக்கு அதே யோசனை. நடுவில் ஒரு அன்ரி வந்தார். அவருக்கும் பயம், அவருக்கும் ரிவோல்வர். "சின்ன நம்பர் எண்டா சின்னக் காயம்தானே?" என்று கேட்டார். "இல்லை அன்ரி, சின்ன நம்பரும் ஆளைக் கொல்லும்" என்றார் அக்கா. அன்ரி உடனே கையை உதறினார். "ஐயோ, எனக்கு வேண்டாம்."

பிறகு சுவர்த் தட்டில் இருந்த, கரடியை விரட்டும் மிளகாய் ஸ்பிரேயைக் கண்டுவிட்டார். அது கரடிக்கு மட்டும், மனிதருக்கு அடித்தால் வழக்கு என்றேன். அதுவும் மில்லிக்கனில் கரடி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்டு என்ர வீட்டுச் சோபாவில கிடக்குது மகள், கள்ளன் வந்தாலும் எழும்பாது."

சுவர்

குணம் அங்கிள் சொன்னபடி வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "தங்கச்சி, யோசிச்சுப் பாத்தன். முன்னூற்றைம்பத்தேழு. அதுக்குள்ள முப்பத்தெட்டுக் குண்டும் போடலாமாம்." அக்கா, "ஓம், மறுவளமாப் போடேலாது" என்றார். நான் திடுக்கிட்டேன், இவர் என்ன அவருக்கு உதவி செய்கிறாரா? அக்கா தூண்டில் நரம்புச் சுருள் பெட்டிகள் நாலைந்தை என்னிடம் வாங்கிக் கண்ணாடி மேல் வைத்தார். "இதுகளால உங்கட வீட்டை வைச்சுக் காட்டுங்கோ அண்ணை. படி எங்க, அறையள் எங்க?" அங்கிள் பெட்டிகளை நகர்த்தினார். நான் இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் மீன்களைப் பிள்ளைகளுக்காகக் கொடுத்தேன். அவற்றைப் படிக்கு அருகில் இருந்த அறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்தார்.

"கள்ளன் படியேறி வாறான். நீங்கள் உங்கட அறை வாசலில நிண்டு சுடுறீங்கள். கை நடுங்கும், குண்டு விலகும். அவனுக்குப் பின்னால என்ன?" அங்கிள் பெட்டியைப் பார்த்தார். அதற்குப் பின்னால் இரண்டு மீன்கள். "சுவர்" என்றார். "எங்கட வீட்டுச் சுவர் மாதிரிக் கல்லோ? ரெண்டு மட்டை, நடுவில காத்து." அங்கிளுக்குக் கோபம் வந்தது. "எனக்குத் துவக்கு புதிசில்லைத் தங்கச்சி." அக்கா குரலை உயர்த்தவில்லை. "எனக்கும் புதிசில்லை அண்ணை. அதாலதான் கேக்கிறன்."

அங்கிள் அந்தப் பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தார். "எந்த நம்பர் சுவரைத் தாண்டாது?" என்று அங்கிள் கேட்டார். "ரெண்டும் தாண்டும்" என்றார் அக்கா. எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அங்கிள், அவங்களுக்கு வேண்டியது கார்த் திறப்பு. கொண்டு போகட்டும். முன்கதவுக்கு இரும்புத் தகடும் நீள ஸ்குரூவும் அடியுங்கோ, மேல ஒரு அறைக்கு நல்ல பூட்டுப் போட்டு எல்லாரும் அதுக்குள்ள போய் பொலிசுக்குப் போன் அடியுங்கோ." இந்த முறை அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு மீன்களையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கவனமாகக் கேட்டார்:

"அப்ப நான் என்னத்தைப் பிள்ளை பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?"

பிடித்துக்கொண்டு நிற்க

அன்று அவர் மீன்களைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அக்கா மத்தியானம் சாப்பிடவில்லை. "சொல்லவேண்டிய எல்லாத்தையும் சொல்லிட்டம் கா, இனி அவர்ட கையில" என்று மட்டும் சொன்னார். சட்டம் என்று ஒரு சொல்லில் ஆளை அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால் அவர் நேராக அந்தக் களவாக விற்கிறவனிடம் போயிருப்பார். ஒரு மனுசனின் பயத்தை மேசையில் வைத்து, அவரே பார்க்கிற மாதிரித் திருப்பிக் காட்டுவதை நான் வேறு ஒரு இடத்திலும் கண்டதில்லை.

பிறகொரு நாள், பிள்ளைகள் இரண்டு பேரோடும் வந்தார். நேராக என் கவுண்டருக்கு. கதவுக்குத் தகடு அடித்தாயிற்றாம், மேலே பூட்டுப் போட்டாயிற்றாம், சின்னவள் இப்போது தன்னுடைய கட்டிலில் படுக்கிறாளாம். அவர்களுக்கு இரண்டு தூண்டில் வேண்டும் என்றார். "ஆறு இறாத்தல் மீனைத் தாங்கிற நரம்போ, எட்டு இறாத்தலோ?" என்று கேட்டேன். முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "எது சுவரைத் தாண்டாது?" என்றார். அக்கா அந்தப் பக்கம் நின்று சிரித்தார், முதல் தடவையாகச் சத்தமாக.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. பிள்ளைகள் கூடாரத்துக்குள் புகுந்த நேரம் பார்த்து, "அங்கிள், களவா எடுத்துத் தாறன் எண்டவன் என்ன ஆனான்?" என்று கேட்டேன். அவர் தூண்டிலைக் கையில் பிடித்து வளைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"போன் அடிச்சு, என்ன நம்பர் எண்டு கேட்டவன் பிள்ளை. ரோங் நம்பர் எண்டு சொல்லி வச்சிட்டன்."

ரிவோல்வர் கேட்டு வந்த ஆளுக்கு இரண்டு தூண்டில் விற்று அனுப்பிய எங்களை, வியாபாரம் தெரியாதவர்கள் என்று மட்டும் இனி ஒருவரும் சொல்லக் கூடாது.