பக்கத்து வீட்டில் கொடுத்த பாஸ்வேர்டு

ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு செல்வியிடம் கொடுப்பது என் வழக்கம். ஈமெயில் பழகிய புதிதில் பாஸ்வேர்டையும் அப்படியே கொடுத்தேன். சென்னையில் படிக்கும் மகள் ஏதாவது எழுதினால் செல்வி எனக்குப் போன் செய்து படித்துச் சொல்வாள் அல்லவா!

திரும்பி வந்ததும் செல்வி வாசலிலேயே நிறுத்தினாள்.

"அக்கா, பாப்பா மெயில் போட்டிருக்குதுங்க. 'அம்மா, உன்கிட்ட மட்டும் சொல்றேன்'னு ஆரம்பிச்சுது. அதோட மூடிட்டேன். மொதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க."

அவள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே மாற்றினேன். நான் டைப் செய்து முடிக்கும்வரை அவள் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

வீடு என்னுடையது, சாவியைக் கொடுக்கலாம். அந்த மெயிலுக்குள் இருந்ததோ என் மகளின் மனசு.

புதிய பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. சாவி மட்டும் இன்றும் செல்வி வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது.