போர்ப்படம் போடுகிறவனின் வயிற்றுக் கலக்கம்

படத்தைக் காட்டி இது எந்தப் போர் என்று கேட்கிற வேலையில், பதில் சொல்கிறவர்களைவிடக் கேட்கிறவனுக்குத்தான் வயிறு அதிகம் கலங்கும். நாலு பேர் முன்னால் கேள்வி போட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஏற்காட்டில் எங்கள் சரித்திரக் குழு ஞாயிறு மாலை சர்ச் ஹாலில் கூடும். ப்ரொஜெக்டரில் பழைய ஓவியங்களைப் போடுவது நான். மூன்று தடவை சொதப்பினால் பதில் சொல்கிற பெஞ்சுக்குப் போய்விட வேண்டும் என்பது விதி. அங்கே போனால் என் மானம் போச்சு. விடை கையில் இல்லாவிட்டால் எனக்குப் பானிபட்டும் தெரியாது, பிளாசியும் தெரியாது. இது என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

கறுப்புக் கட்டம்

கொடி தெரிந்தால் விடையும் தெரிந்துவிடும் என்பதால், அதன்மேல் கறுப்புக் கட்டம் போட்டு மறைப்பது எங்கள் வழக்கம். ஒரு வாரம் பயத்தில் கொடி, தொப்பி, சட்டை எல்லாவற்றையும் மறைத்துவிட்டேன். மிஞ்சியது ஒரு குதிரையின் பின்பக்கமும் கொஞ்சம் புகையும்தான். மிளகுக் கடை ஹாஜா பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏனுங்க சாமுவேல், போர் முடிஞ்சு எல்லாரும் ஊட்டுக்குப் போனதுக்கு அப்புறம் வரைஞ்ச படமுங்களா?"

பிளாசியில் மலை

அடுத்த வாரம் கொடியைத் தவிர எதையும் மறைக்கவில்லை. இணையத்தில் பிளாசி என்று பெயர் போட்டிருந்த ஓவியத்தை எடுத்துப் போட்டேன். ஹாஜா பாய் உடனே "பிளாசி" என்றார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மேரி டீச்சர் எழுந்தார். மிஷன் பள்ளியில் சரித்திரம் எடுப்பவர். பிளாசி வங்காளத்துச் சமவெளி, மாந்தோப்பு. என் படத்திலோ பின்னால் அடுக்கடுக்காக மலை. எந்தப் புண்ணியவான் பெயரை மாற்றிப் போட்டானோ, எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை.

"நம்ம சேர்வராயன் மலையைத் தூக்கிட்டுப் போயி அங்க வெச்சுட்டாங்களாட்ட இருக்குதுங்க."

வெள்ளைத் திரை

கடைசி வாய்ப்புக்குப் பொள்ளிலூரை எடுத்தேன். காஞ்சிபுரம் பக்கம் நடந்த போர். வெடிமருந்து வண்டி வெடிக்கிற ஓவியம். புத்தகங்களைப் புரட்டிப் புரட்டிச் சரிபார்த்தேன். அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

பட்டனை அழுத்தினேன். திறந்திருந்த ஜன்னல் வழியாக வந்த மூடுபனி லென்ஸில் படிந்து, திரை வெறும் வெள்ளையாக நின்றது. துடைத்தேன், போகவில்லை. இத்தோடு நான் பெஞ்சுதான் என்று நினைத்தபோது, "பொள்ளிலூர்" என்றார் ஹாஜா பாய். மேரி டீச்சரும் தலையாட்டினார். படமே தெரியாமல் எப்படி என்று கேட்டேன்.

"படத்தை யாருங்க பாத்தாங்க? மொத வாரம் சொதப்பினதுல இருந்து, விடை மறந்துருமோன்னு பட்டனை அமுத்தறதுக்கு முன்னால உதட்டுக்குள்ளயே சொல்லிப் பாக்கறீங்க, நொம்ப நல்லாத் தெரியுதுங்க. நீங்க அந்த இடத்தை விட்டு நகந்துராதீங்க, அப்புறம் நாங்க எப்படிங்க பதில் சொல்றது?"

படம் போடுகிற வேலை தப்பித்துவிட்டது, ஆனால் இனி உதட்டை அசைத்தால் விடை அவர்களுக்குத் தெரிந்துவிடும், அசைக்காவிட்டால் எனக்கே மறந்துவிடும்.