லைட் போட்டால் சாகிற குஞ்சுகள்

மீன் குஞ்சுகளுக்குக் கரண்ட் அடிக்கிறது என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. ரப்பர் செருப்பு மாட்டி, மர ஸ்டூல் மேல் ஏறி நின்று நம்பினேன்.

செம்பூரில் ஒரு ஷெட். கடல் அலங்கார மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து விற்பது தொழில். முதலாளி ராமநாதன் சார் மாட்டுங்காக்காரர், பேங்க் வேலையை விட்டுவிட்டு மீனைப் பிடித்துக்கொண்டவர். வேலைக்கு நான் ஒருவன்தான். போன பேட்ச் குஞ்சு முழுக்கச் செத்திருந்தது. "இதுவும் போச்சுன்னா ஷெட்டை மூடிடுவேன் சுடலை" என்று சொல்லிவிட்டார். மூடினால் நான் தாராவியில் மச்சானின் தோல் பட்டறையில் போய் நிற்க வேண்டும். மச்சான் சம்பளம் தருவார், கூடவே அட்வைஸும் தருவார். அதற்குத் தொட்டியில் குதித்துவிடலாம்.

பொரித்த குஞ்சுக்கு ரோட்டிஃபர் என்கிற பொடிப் பூச்சிதான் சாப்பாடு. அந்தப் பூச்சிக்குச் சாப்பாடு பாசித் தண்ணி. அதை கேன் கேனாக வாங்குவோம். செலவைக் குறைக்க சார் அதை நிறுத்திவிட்டு பேக்கரி ஈஸ்ட் வாங்கிப் போட்டார். "பூச்சிக்கு எதுக்கய்யா மெனு கார்டு?" பூச்சி ஈஸ்டைத் தின்று எக்கச்சக்கமாகப் பெருகியது. குஞ்சுகள் அதைத் தின்று வயிறு புடைத்து நீந்தின. மேதைகள் நாங்கள் இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டோம்.

அப்புறம் ஒரு காலையில் ஷெட்டைத் திறந்து டியூப் லைட்டைப் போட்டேன். நீந்திக்கொண்டிருந்த குஞ்சுகள் கிறுகிறுவென்று சுற்றி அடியில் போய் விழுந்தன. மறுநாளும் அதே கதை. ஸ்விட்சைத் தட்டினால் சாவு. வேறென்ன, கரண்ட் லீக்தான்!

மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து எலக்ட்ரீஷியன் பேச்சிமுத்துவை இழுத்து வந்தேன். டெஸ்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தான்.

"வேய், தண்ணில ஒரு மண்ணும் இல்ல."

"குஞ்சுக்கு மட்டும் அடிக்குமா இருக்கும். சின்ன கரண்ட்டு."

"சின்ன கரண்ட்டா? அதுக்கு ஹாஃப் டிக்கெட்டு எடுப்பீரோ?"

நக்கலடித்துவிட்டு, வந்ததற்கு ஒயர் முழுக்க மாற்றணும் என்றும் சொல்லிவிட்டுப் போனான். நான் அந்த இரண்டாவதை மட்டும் நம்பினேன். அதன்பிறகு எந்தத் தொட்டியிலும் கை வைக்கவில்லை. பூச்சியைக்கூட ஸ்டூலில் நின்று மேலிருந்துதான் ஊற்றினேன்.

ஜன்னலோரத் தொட்டி மட்டும் பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது, உள்ளே குஞ்சு இருக்கிறதா செத்ததா என்றே தெரியவில்லை. பாசித் தண்ணியின் கடைசி கேனை அதில்தான் கொட்டியிருந்தேன். வெயில் பட்டுப் பாசி பெருகிவிட்டது.

"கண்றாவியா கெடக்கு, தண்ணிய மாத்தேன்யா!" என்றார் சார்.

"நீங்களே கைய விடுங்க சார்."

சார் கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

கடைசியில் கோபர்கைரனேயிலிருந்து, மீன்வளம் படித்த வித்யா மேடத்தைக் கூப்பிட்டோம். மைக்ரோஸ்கோப்பில் குஞ்சைப் பார்த்தார்.

"வயிறு ஃபுல்லா இருக்கு."

"பின்னே? ராஜ போஜனம்!" என்றார் சார்.

"பூச்சிக்கு என்ன போடறீங்க?"

"ஈஸ்ட்."

"அப்ப குஞ்சும் ஈஸ்ட்தான் திங்குது. பூச்சி வெறும் டப்பா சார். உள்ள நீங்க போடறதுதான் குஞ்சுக்குப் போகும். குஞ்சுக்கு வேண்டிய கொழுப்பு ஈஸ்ட்ல கிடையாது. பாக்க நல்லா இருக்கும். திடீர்னு லைட் போட்டா, வலைல எடுத்தா, அந்த ஷாக்குலயே செத்துடும்."

ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் கொஞ்சம் குஞ்சை பீக்கரில் மொண்டு, டார்ச் அடித்தார். ஈஸ்ட் குஞ்சுகள் சுற்றி விழுந்தன. பச்சைத் தண்ணிக் குஞ்சுகள் விருட்டென்று ஓடின, திரும்பி வந்து நீந்தின. அங்கே போட்ட பூச்சி, குஞ்சு வாய்க்குள் போகிறதுக்கு முன்னால் பாசியைத் தின்றிருக்கிறது.

"இதை மட்டும் ஏன் க்ளீன் பண்ணல?"

"பயம் மேடம்."

"நல்லவேளை. தொட்டிருந்தா இதுவும் போயிருக்கும்."

சார் உடனே, "நான்தான் அதை விட்டு வெக்கச் சொன்னேன்" என்றார். பேங்கில் இவரை எப்படி வைத்திருந்தார்கள்!

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைக்கு: குஞ்சின் வயிற்றைப் பார்த்துச் சந்தோஷப்படாதே. அது தின்ற பூச்சி என்ன தின்றது என்று கேள்.

ஈஸ்ட் தொட்டிகளுக்கு அன்றைக்கே பாசி ஊற்றினோம். பிரயோஜனம் இல்லை, எல்லாம் செத்தன. பச்சைத் தொட்டிக் குஞ்சுகளுக்கு உடம்பில் வெள்ளைக் கோடு விழுந்தது, பிழைத்து மீனாகிவிட்டதற்கு அதுதான் அடையாளம். விற்றோம். ஷெட்டை மூடவில்லை.