பென் டிரைவில் இருந்த ஒரே படம்

போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பெங்களூரு ஜோகுபாளையத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டில் நடந்தது. இதை எழுதலாமா என்று கீழ் வீட்டில் குடியிருப்பவரிடம் கேட்டபோது, "பேர் போடாம எழுதுங்க மேடம்" என்றார். அவருடைய மனைவியிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எனக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். இங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில், இணையதளப் பக்கங்களை உருவாக்கும் குழுவுக்குத் தலைவி. தலைவி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். எட்டுப் பேர் செய்யும் தப்பைக் கண்டுபிடித்து வாய் ஓயாமல் கத்துவதுதான் வேலை. அந்த வாரம் குழுவில் ஒருத்தி, கோட் எழுதுகிற எடிட்டரில் படங்கள் தெரியவில்லை என்று இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தேன். ஃபைல் ஒரு வகை, அதன் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து ஒட்டியிருந்த வால் வேறு வகை. வாலை மாற்றினேன், படம் வந்துவிட்டது. இரண்டே நிமிடம்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கீழ் வீட்டுப் பெண்ணிடம் இந்தப் பெருமையை அளந்துவிட்டேன். அவளுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் வேலை. கணவர் கம்பெனி கேப் ஓட்டுகிறார். அப்போது அவளுக்கு ஏழாவது மாதம். நான் சொன்னதையெல்லாம் கிளிப்பைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியேறி வந்தாள். கைக்குட்டையில் சுற்றிய ஒரு பென் டிரைவை மேஜைமேல் வைத்தாள்.

"அக்கா, தொறக்காத படத்தைக்கூட தொறப்பேன்னு அன்னிக்கு சொன்னீங்களே. இதைக் கொஞ்சம் பாக்குறீங்களா?"

அவளுக்கு அதற்கு முன்பே ஒரு பிரசவம் ஆகியிருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால், திடீரென்று சிக்கலாகி, முழு மயக்கம் கொடுத்து அறுவை செய்து எடுத்திருக்கிறார்கள். பெண் குழந்தை. இவள் கண் விழித்தபோது குழந்தை இல்லை. பார்த்தால் தாங்கமாட்டாள் என்று பெரியவர்களாகவே முடிவு செய்து, இவளிடம் காட்டாமலே எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். அங்கிருந்த ஓர் இளம் பெண் மருத்துவர் மட்டும், இவள் கணவரின் கையில் குழந்தை இருக்கும்போது தன் போனில் ஒரு படம் எடுத்து, மருத்துவமனைக் கம்ப்யூட்டர் மூலமாக இந்தப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறார். இரண்டு வருடமாக அது பீரோவில் புடவைகளுக்கு நடுவில் இருந்தது. எடுத்துப் பார்க்க இவளுக்கு மனம் துணியவில்லை. துணிந்து சிவாஜிநகரில் ஒரு ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனபோது, ஃபைல் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"அடுத்தது வர்றதுக்குள்ள இவளை ஒரு தபா பாத்துடணும்க்கா" என்றாள். "எங்க வூட்டுக்காரு பாத்துட்டாரு. டாக்டரம்மா பாத்துட்டாங்க. பெத்தவ நான் ஒருத்திதான் பாக்கல."

நாற்காலியை இழுத்துப்போட்டு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். படத்தைச் சொடுக்கினேன், திறக்கவில்லை. பழக்கதோஷம், அதை அப்படியே என் எடிட்டருக்குள் இழுத்துப் போட்டேன். படத்தைக் காட்ட முடியவில்லை என்றது, எழுத்தாகத் திறக்கட்டுமா என்று கேட்டது. சரி என்றேன். திரை முழுக்கக் கட்டமும் கேள்விக்குறியுமாகக் கொட்டியது. அவள் பயந்துபோய் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் முதல் வரியிலேயே அந்தக் குப்பைக்கு நடுவில் நான்கு எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. சில போன்கள் எடுக்கும் படங்களுக்கு மட்டும் உரிய அடையாளம் அது. ஃபைல் கெடவே இல்லை. மருத்துவமனையில் யாரோ வாலை மாற்றிப் பெயர் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அலுவலகத்தில் நடந்த அதே கதை.

"ஒண்ணும் ஆகலடி! படம் நல்லாத்தான் இருக்குது. பேர் மட்டும்தான் தப்பு. ஒரே நிமிஷம் இரு!" என்று கத்தியேவிட்டேன்.

அவள் எழுந்து நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கலைந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். மகளும் தன்னைப் பார்க்கப்போகிறாள் என்று நினைத்தாளோ என்னவோ.

கோட் எழுதுகிறவர்களின் இடது கைக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் மாற்றியிருக்காவிட்டாலும், யோசிக்கும்போதும் பேசும்போதும், விரல்கள் தானாகப் போய் கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்திவிடும். சேவ் ஆகிவிடும். போதாததற்கு, சேவ் செய்யும்போதெல்லாம் வரி ஓரங்களில் இருக்கும் வெற்று இடங்களை எடிட்டரே துடைத்துவிட வேண்டும் என்று ஓர் ஏற்பாட்டைக் குழுவுக்கே கட்டாயமாக்கியவள் நான். அவள் முடியை ஒதுக்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் என் இடது கை அழுத்திவிட்டது. எனக்கே தெரியாது.

பிறகு வாலை மாற்றினேன். படம் வரவில்லை. இன்னொரு முறை. வரவில்லை. ஃபைலின் அளவைப் பார்த்தேன். வந்தபோது இருந்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. அப்போதுதான் புரிந்தது. எழுத்தே இல்லாத ஒன்றை எழுத்து என்று நினைத்துத் திறந்திருந்த எடிட்டர், தனக்குப் புரியாத இடத்திலெல்லாம் கேள்விக்குறியைக் காட்டிக்கொண்டிருந்தது. சும்மா பார்க்கிறவரை ஒன்றும் ஆகாது. சேவ் செய்ததும் அந்தக் கேள்விக்குறிகளை நிஜமான ஃபைலிலேயே எழுதிவிட்டது. எது எதன் மேல் எழுதப்பட்டது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. செய்ததைத் திரும்பப் பெறும் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் கேள்விக்குறிகள்தான் திரும்பி வந்தன. எதைத் தொட்டாலும் முதலில் ஒரு நகல் எடுத்துவிட்டுத் தொடு என்று எட்டுப் பேரையும் தினமும் படுத்தி எடுக்கிறவள், நேராக அந்தப் பென் டிரைவிலேயே கை வைத்திருந்தேன்.

அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

நான் பொய் சொன்னேன். மேலே பார்க்க நன்றாகத் தெரிந்தது, உள்ளே முன்பே கெட்டிருக்கிறது என்றேன். அவள் மெதுவாக உட்கார்ந்தாள். அழவில்லை. என் முகத்தைப் பார்த்து அவளே எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஸ்டுடியோக்காரரும் அதானேக்கா சொன்னாரு. நீங்க எவ்ளோ ட்ரை பண்ணீங்க. சும்னே மனசைப் போட்டு வருத்திக்காதீங்க, பிடுங்கக்கா" என்றாள். கன்னடம் கலந்த அவள் பேச்சில் 'பிடுங்க' என்றால் 'விடுங்க'.

அன்று மதியம் ஒரு கிண்ணம் பிசிபேளாபாத் கொண்டுவந்து கொடுத்தாள். சாப்பிட முடியவில்லை. கொட்டவும் முடியவில்லை. கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பென் டிரைவை இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த பத்து நாள் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அழிந்ததை மீட்டுத் தருகிற கடைகளுக்கு அலைந்தேன். அழித்திருந்தால் எடுத்திருக்கலாம், இது மேலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். மருத்துவமனையில் கெஞ்சி அந்த மருத்துவரின் எண்ணை வாங்கினேன். இப்போது வேறு ஊரில் இருக்கிறார். நல்ல மனுஷி, பொறுமையாகக் கேட்டார். அந்த மாதிரிப் படங்களைப் போனில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது என்பதால் கொடுத்த அன்றே அழித்துவிட்டதாகச் சொன்னார். அதற்குமேல் தட்டுவதற்கு எனக்குக் கதவு இல்லை. என் போனில் என் மகளின் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இடம் போதவில்லை என்று மாதாமாதம் கூட்டித் தள்ளுவேன். அந்த நாட்களில் அந்தப் போனைத் தொடவே கூசியது.

கெட்டுப்போன ஃபைலை நூறாவது முறையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில், கேள்விக்குறிகளுக்கு நடுவில் கெடாமல் பிழைத்திருந்த ஒரு துண்டு கண்ணில் பட்டது. படம் எடுத்த நேரம். காலை பதினொன்று நாற்பத்திரண்டு. படம் போய்விட்டது, நேரம் மட்டும் மிச்சம். அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கிப் போனேன். கணவர் வீட்டில் இருந்தார். அவள் பால் காய்ச்சி வைத்திருந்தாள். காபி வேண்டாம் என்றேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். படம் நன்றாக இருந்தது, கெடுத்தது என் கை, அதன் பிறகு சொன்னது பொய். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. கணவர்தான் மரியாதை குறையாமல் கேட்டார்.

"ஒரே ஒரு காப்பி எடுத்து வெச்சிட்டுப் பாத்திருக்கலாமே மேடம்?"

கம்ப்யூட்டரே தொடாதவர் அவர்.

அங்கேயே நிறுத்திக்கொண்டு மேலே வந்திருக்கலாம். எதையாவது கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்ற அவசரம் எனக்கு. வெறுங்கையோடு நிற்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. அந்தத் தாளை அவளிடம் நீட்டி, இது படம் எடுத்த நேரம், இது ஒன்றுதான் கிடைத்தது என்றேன்.

அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"கொழந்தைய பத்தரைக்கு எடுத்தாங்கன்னு சொன்னே. பொறந்த உடனே போய்ட்டா, அந்தக் கொஞ்ச நேரத்துல எடுத்த படம்னு சொன்னே. இது பதினொண்ணே முக்காலுல்ல?"

அவர் சுவரில் சாய்ந்தார். "ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்தா" என்றார். "என் கையிலதான் இருந்தா. கண்ணு தொறந்து பாத்துக்கினே இருந்தா. உன்கிட்ட எப்படிடி சொல்றது?"

"அவ்ளோ நேரமும் நான் பக்கத்து ரூம்புல தூங்கிக்கினு இருந்தேனா" என்றாள் அவள். அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். இரண்டு வருடமாக அவர் கட்டிக் காத்து வைத்திருந்த ஒரு பொய்யையும் என் தாள் உடைத்துவிட்டது. அவர் சொன்ன பொய் அவளைக் காப்பாற்ற. நான் சொன்னது என்னைக் காப்பாற்ற. எப்படி மாடியேறி வந்தேன் என்று நினைவில்லை.

இரண்டாவது குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அதுவும் பெண். மருத்துவமனைக்குப் பார்க்கப் போயிருந்தேன். அவள் சிரித்தாள், உட்காரச் சொன்னாள், குழந்தையை என் மடியில்கூடக் கொஞ்ச நேரம் கொடுத்து வாங்கிக்கொண்டாள். கணவர் தன் போனை என்னிடம் நீட்டி, தங்கள் மூன்று பேரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். நான் கை நீட்டுவதற்குள் அவள், "அவங்க வேணாம், நர்ஸ் எடுக்கட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கொதிக்கிற பாத்திரத்தின் பக்கத்தில் போகாதே என்று பிள்ளையிடம் சொல்வோமே, அந்தக் குரல்தான். நான் கையை இழுத்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

வேலையை விடவில்லை. அதே எடிட்டர்தான், அதே நாற்காலிதான். யாராவது படம் தெரியவில்லை என்று வந்தால் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, முதலில் நகல் எடுத்துவிட்டு வா என்கிறேன். படத்தை அழித்ததற்காவது என் கையைச் சாக்குச் சொல்லலாம். ஆனால், கெட்டுப்போய்விட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்த ஒரு தாயை, "ஒண்ணும் ஆகல" என்று கத்தி எழுந்து நிற்கவைத்து, மகளுக்காக முகம் துடைக்கவைத்த அந்த ஒரு நிமிடத்துக்கு, இன்றுவரை என்னிடம் எந்தச் சாக்கும் இல்லை.